எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு மாவட்டத்துக்கு ஒரு பங்க் வேண்டும்

பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு கலக்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரிகளுக்கும், அந்தப் பெட்ரோலை எங்களுக்கு விற்கும் எண்ணெய் நிறுவனங்களுக்கும்,

இன்று பங்க்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அதாவது கரும்பு, மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் ஆல்கஹால். எங்கள் வண்டிக்கு இது ஒத்துக்கொள்ளாது என்று சொல்பவனுக்கு எளிதில் கிடைக்கும் மாற்று எதையும் நீங்கள் வைக்கவில்லை. பழைய ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத், புல்லட், ஆர்எக்ஸ் 100 போன்ற மோட்டார் சைக்கிள்களை வைத்துப் பராமரித்து ஓட்டுகிறவர்களில் ஒருவனாக இதை எழுதுகிறேன். நாங்கள் எண்ணிக்கையில் சிறிய கூட்டம்தான். அதற்காக எங்கள் வண்டிகள் மெல்ல மெல்ல அரிபட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

எத்தனால் திட்டத்தையே நிறுத்துங்கள் என்று கேட்க வரவில்லை. கச்சா எண்ணெய் இறக்குமதிக்கு நாடு கொடுக்கும் விலை எங்களுக்கும் தெரியும். கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் வாங்க ஆள் கிடைத்தால் விவசாயிக்கு நல்லது என்பதும் தெரியும். எங்கள் குழுவிலேயே கரும்பு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இந்தப் பெட்ரோலைத் தாங்கும் ரப்பரும் உலோகமும் போட்டிருக்கிறார்கள். அவை ஓடட்டும். அதற்கு முந்தைய வண்டிகளை, அதிலும் நாற்பது ஐம்பது வருடம் முந்தையவற்றை என்ன செய்வது என்பதுதான் எங்கள் கேள்வி.

கோவையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் கூடுவது வழக்கம். பள்ளி ஆசிரியர், லேத் பட்டறை வைத்திருப்பவர், வங்கியில் ஓய்வு பெற்றவர், கல்லூரிப் பையன்கள் என்று எல்லோரும் வருவார்கள். பழைய வண்டி என்றாலே பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒரு நினைப்பு இருக்கிறது. எங்களில் பெரும்பாலோர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, காயலான் கடையில் தேடி, ஒருவருக்கொருவர் ஸ்பேர் கொடுத்து வாங்கித்தான் வண்டியை ஓட்டுகிறோம். முன்பெல்லாம் பேச்சு முழுக்க ஹெட்லைட் ரிம் எங்கே கிடைக்கும், குரோம் யார் நன்றாகப் போடுகிறார்கள், மேக்னெட்டோ சுற்ற யாரிடம் கொடுக்கலாம் என்றுதான் போகும். இப்போது யார் வந்தாலும் முதல் கேள்வி, "எந்த பங்க்குல போட்டீங்க?" என்பதுதான்.

எங்கள் வண்டிகளுக்கு உள்ளே நடப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் தரப்பு விளக்கங்களில் இது வருவதே இல்லை.

எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். தினமும் ஓடி, வாரத்துக்கு ஒரு முறை டேங்க் நிரம்பும் வண்டிக்கு இது பெரிய விஷயமாக இருக்காது. எங்கள் வண்டிகள் மாதக்கணக்கில் நிற்பவை. மழைக்காலம் முழுக்க வெளியே எடுக்காத வண்டிகள் உண்டு. உள்ளே பூச்சு இல்லாத இரும்பு டேங்க், மூடியில் காற்று போகும் ஓட்டை, உள்ளே ஈரத்தை இழுக்கும் பெட்ரோல். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும், பெட்ரோல் மேலே நிற்கும். டேங்கில் துரு பிடிப்பது ஒரு பக்கம். டூ-ஸ்ட்ரோக் வண்டியில் அதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. யெஸ்டி, ஜாவா, ராஜ்தூத் எல்லாம் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றும் வண்டிகள். பிஸ்டனுக்கும் கிராங்குக்கும் போகும் ஆயில் அந்தக் கலவையில்தான் இருக்கிறது. அடியில் பிரிந்து நிற்கும் தண்ணீரில் ஆயில் சேராது, மேலே உள்ள பெட்ரோலோடுதான் நிற்கும். பெட்ரோல் டேப் எடுப்பதோ டேங்கின் அடியிலிருந்து. எண்ணெய்ப் பசையே இல்லாத ஒன்று எஞ்சினுக்குள் போனால் பிஸ்டன் சீஸ் ஆகாமல், அதாவது சிலிண்டருக்குள் இறுகிப்போகாமல், என்ன செய்யும்?

எங்கள் குழுவில் ஒரு தம்பிக்கு இதுதான் நடந்தது. மழைக்காலம் முழுக்க நிறுத்தி வைத்திருந்த ஜாவாவை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கொஞ்ச தூரத்திலேயே பின்சக்கரம் இறுகிப்போய் நின்றுவிட்டது. கிளட்ச்சைப் பிடித்ததால் கீழே விழாமல் தப்பித்தான். டேங்கில் இருந்ததைக் கண்ணாடி பாட்டிலில் வடித்தோம். மேலே ஆயில் நிறத்தில் பெட்ரோல், கீழே நிறமே இல்லாமல் இன்னொன்று, நடுவில் கோடு போட்ட மாதிரி பிரிந்து நின்றது. சிலிண்டரை மறுபடி போர் செய்ய, அதாவது உள்சுவரைக் கடைந்து அகலமாக்க, வேண்டியதாயிற்று. போர் செய்வது என்றால் பழைய வண்டிக்காரனுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அடுத்த சைஸ் பிஸ்டனுக்குப் போக வேண்டும். அதற்கு ஓர் எல்லை இருக்கிறது, அது முடிந்தால் அந்த சிலிண்டரின் கதையும் முடிந்தது. புதிது செய்து தர அந்தத் தொழிற்சாலை இன்று இல்லை.

பிரிந்து போகாவிட்டாலும் பாதிப்பு உண்டு. எத்தனாலின் எடையில் ஏறக்குறைய 35 சதவீதம் ஆக்சிஜன். அதனால், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில், பெட்ரோலை அளந்து விடும் ஜெட் அதேதான் என்றால் கலவை காற்று மிகுந்ததாக ஆகிவிடுகிறது. இப்போதைய வண்டியில் சென்சார் அதைக் கண்டுபிடித்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். என் யெஸ்டி ரோட்கிங்கில் இருப்பது ஒரு பித்தளை ஜெட், அதில் ஒரு துளை. அதற்கு எதையும் கண்டுபிடிக்கத் தெரியாது. வண்டி சூடாகிறது, மேட்டில் இழுவை போகிறது, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அதிகச் சூட்டின் அடையாளமாக வெள்ளையாக இருக்கிறது. மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக்கிச் சமாளிக்கிறோம். சரி, எந்த அளவுக்குப் பெரிதாக்குவது? நான் போகிற எந்த பங்க்கிலும் இந்தக் குழாயில் வருவதில் இத்தனை சதவீதம் என்று எழுதி வைத்திருக்கவில்லை. எதற்கு ஜெட் போடுகிறோம் என்று தெரியாமலே போடுகிறோம்.

அப்புறம் கார்புரேட்டர். அது துத்தநாகம், அலுமினியக் கலவையில் வார்த்தது. ஈரம் சேர்ந்த எத்தனால் அதன் அடியில் தங்கினால் வெள்ளைப் பொடி பூக்கிறது, துளைகள் அடைகின்றன. எங்கள் மெக்கானிக் அண்ணன் ஒவ்வொரு முறையும் ஃப்ளோட் பவுலை, அதாவது அடியில் பெட்ரோல் தங்கும் கிண்ணத்தை, கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "தேய்ச்சு எடுத்துடலாம் தம்பி, ஆனா தின்னது தின்னதுதான்" என்பார். பழைய புல்லட்டின் பெட்ரோல் டேப்பில் கார்க் இருக்கும். யெஸ்டியின் டியூப்பும் வாஷர்களும் அந்தக் காலத்து ரப்பர். இவை உப்பிப்போய், பிசுபிசுத்து, சொட்டு விட ஆரம்பிக்கின்றன. சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டுவது வெறும் பராமரிப்புச் செலவுக் கணக்கில் வராது, அது தீ விபத்தில் போய் முடியக்கூடியது.

2025 ஆகஸ்டில் அரசுத் தரப்பில் வெளிவந்த விளக்கத்தைப் படித்தேன். சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம், அதற்குச் செலவு குறைவு, வழக்கமான சர்வீஸிலேயே செய்துவிடலாம் என்று அதில் இருந்தது. இதை எழுதியவர்கள் மனதில் எந்த வண்டி இருந்தது என்று கேட்க விரும்புகிறேன். எங்கள் வண்டிகளில் பல, ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் சில நூறு கிலோமீட்டர் தாண்டாது. அவற்றை அரிப்பது ஓடிய தூரம் இல்லை, நின்ற காலம். 20,000 கிலோமீட்டர் வருவதற்குள் டேங்கே இருக்காது. வழக்கமான சர்வீஸ் என்று சொல்கிறீர்களே, எங்கே? மைசூரில் ஜாவாவும் யெஸ்டியும் செய்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது. ஆர்எக்ஸ் 100 நின்றதும் அதே ஆண்டுதான். தயாரித்தவரைக் கேளுங்கள் என்றால், கேட்பதற்கு ஆள் இல்லாத வண்டிகள் இவை.

கார்புரேட்டர் உள்ள வண்டிகளையும் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை ஓட்டிச் சோதித்தோம், குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றும் அதே விளக்கம் சொல்கிறது. அந்தச் சோதனையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் ஆயில் கலந்து ஊற்றும் டூ-ஸ்ட்ரோக் ஒன்றாவது இருந்ததா? மூன்று மாதம் நிறுத்தி வைத்துவிட்டுக் கிக்கரை உதைத்துப் பார்த்தார்களா? தொடர்ந்து ஓடுகிற வண்டியின் முடிவை வைத்து நிற்கிற வண்டிக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது. மைலேஜைப் பொறுத்தவரை 2021-ல் வந்த நிதி ஆயோக்கின் திட்ட அறிக்கையே ஒப்புக்கொள்கிறது: எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10 சதவீதத்துக்கு ட்யூன் செய்த இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று. அந்தக் குறைவை நாங்கள் பொருட்படுத்தவில்லை. மைலேஜுக்காக யெஸ்டி வைத்திருப்பவர் யாரும் இல்லை.

இன்னொரு முரண்பாட்டையும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். 2021 ஜூலையில் இதே ஒன்றிய அரசுதான் 50 ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாக அங்கீகரித்துத் தனி விதிகள் கொண்டுவந்தது. 'விஏ' எழுத்துகளோடு தனிப் பதிவு எண், புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000 ரூபாய், பத்தாண்டு செல்லுபடி. நாங்கள் மனதார வரவேற்றோம். பழைய வண்டி என்றால் புகை கக்கும் குப்பை என்று பார்த்த அரசு, முதல் முறையாக இதை நாட்டின் தொழில் வரலாற்றின் ஒரு பகுதி என்று ஏற்றுக்கொண்டதாக நினைத்தோம். அந்த விதிகளின்படி வண்டி ஒரிஜினல் நிலையில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. அன்றாட வேலைக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புவது ஆகியவற்றுக்கு மட்டும் சாலைக்கு வரலாம்.

எரிபொருள் நிரப்ப வெளியே வரலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். வந்தால் நிரப்புவதற்கு அந்த வண்டிக்கு ஏற்ற எரிபொருள் எங்கே இருக்கிறது? ஒரிஜினலாக வை என்று ஒரு துறை சொல்கிறது, அந்த ஒரிஜினலை அரிக்கும் பெட்ரோலை மட்டும் இன்னொரு துறை விற்கிறது. இரண்டு துறைகளும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசியிருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

என் ரோட்கிங் இன்னும் அந்த வரையறைக்குள் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரோட்கிங் சந்தைக்கு வந்ததே 1978-ல்தான். அந்த ஆண்டு வண்டிகளே 2028-ல்தான் ஐம்பதைத் தொடும். எண்பதுகளின் வண்டிகள் அதற்கும் பின்னால். அதுவரை அவை உயிரோடு இருந்தால்தானே அங்கீகாரத்துக்கு அர்த்தம்? ஆகவே 50 ஆண்டு கடந்த வண்டிக்கு மட்டும் தனிப் பெட்ரோல் என்று முடிவெடுத்தால் அடுத்த தலைமுறைப் பழம்பெரும் வண்டிகளை இப்போதே இழந்துவிடுவோம். 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து வந்த புல்லட்டுகள் இந்தியா தானே மோட்டார் சைக்கிள் செய்யக் கற்றுக்கொண்ட கதையின் முதல் பக்கங்கள். அவற்றை மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பார்ப்பதும், ஓடுகிற சத்தத்தோடு சாலையில் பார்ப்பதும் ஒன்றாகிவிடாது.

எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைக்கத்தானே செய்கிறது, நூறு ஆக்டேன் போடுங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். பெருநகரங்களில் சில பங்க்குகளில் மட்டும் அது கிடைக்கிறது, விலை லிட்டருக்கு 160 ரூபாய் அளவில். பொள்ளாச்சியிலோ திண்டுக்கல்லிலோ ஒரு வண்டி வைத்திருப்பவர் அதற்காக எங்கே போவார்? தவிர, ஆக்டேன் என்பது எஞ்சினுக்குள் அழுத்தும்போது பெட்ரோல் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் திறனின் அளவு. பழைய புல்லட்டின் கம்ப்ரஷன், அதாவது அந்த அழுத்த விகிதம், 6.5-க்கு 1 மட்டும்தான். அந்த எஞ்சினுக்கு நூறு ஆக்டேனால் ஒரு பயனும் இல்லை. சாதாரண ஆக்டேனே அதற்கு அதிகம். எங்களுக்கு வேண்டியது எத்தனால் இல்லாமை மட்டும்தான், உயர்ரகம் என்ற பெயரில் தேவையில்லாத ஒன்றுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது.

வழி இல்லாதபோது ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது. பெட்ரோலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். அளவுக் குடுவையில் கொஞ்சம் எடுத்து, எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பார்க்க இது நல்ல முறை. ஆனால் இப்போது பையன்கள் இதையே கேன் கணக்கில் வீட்டில் செய்கிறார்கள். குடிநீர் கேனில், மொட்டை மாடியில், சில வீடுகளில் சமையலறைக்குப் பக்கத்திலேயே பெட்ரோலைக் குலுக்கி, அடியில் இருப்பதை வடித்து, சாக்கடையில் ஊற்றிவிட்டு, மேலே உள்ளதை வண்டியில் போடுகிறார்கள். எங்கள் கூட்டத்தில் ஒவ்வொரு வாரமும் இதைச் செய்யாதீர்கள் என்று சொல்கிறோம். "அப்போ எதைப் போடறதுண்ணா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். எங்களிடம் பதில் இல்லை. ஒரு வீட்டில் தீப்பிடித்த பிறகுதான் இது உங்கள் மேசைக்கு வர வேண்டுமா?

வெளிநாடுகளில் இதை எப்படிக் கையாண்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பிரிட்டனில் 2021 செப்டம்பரில் சாதாரண பெட்ரோலில் எத்தனால் அளவை 5-லிருந்து 10 சதவீதம் வரை உயர்த்தினார்கள். அப்போதே, பழைய வண்டிகளுக்காக 5 சதவீதத்துக்கு மேல் போகாத 'சூப்பர்' பெட்ரோலைத் தொடர்ந்து விற்க வேண்டும் என்று பெரிய பங்க்குகளுக்குக் கட்டாயம் வைத்தார்கள். எந்த வண்டி எதைத் தாங்கும் என்று பார்த்துக்கொள்ள வழி செய்தார்கள், குழாயிலேயே அளவை ஒட்டினார்கள். 10 சதவீதத்துக்கே அங்கே அவ்வளவு முன்னேற்பாடு. இங்கே 2022-ல் 10 சதவீதத்தை எட்டி, 2025-ல் 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டோம். 2030-க்கு என்று முதலில் வைத்த இலக்கு ஐந்தாண்டு முன்னதாகவே முடிந்தது என்று பெருமையாக அறிவிக்கிறீர்கள். அந்த வேகத்தில் பழைய வண்டிக்காரனுக்கு ஒரு குழாயை ஒதுக்கி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

எத்தனால் இல்லாத பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. நீதிமன்றம் தலையிடவில்லை என்பதால் உங்கள் பொறுப்பு தீர்ந்துவிடவில்லை. கொள்கை உங்களுடையது, திருத்தும் அதிகாரமும் உங்களிடம்தான் இருக்கிறது.

எங்கள் கோரிக்கைகள் இவை. ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் குறைந்தது ஒரு பங்க்கில், சாதாரண ஆக்டேன் பெட்ரோலை எத்தனால் கலக்காமல் விற்க ஏற்பாடு செய்யுங்கள். எல்லா பங்க்கிலும் தனி டேங்க் போடச் சொல்லவில்லை. லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதலாக வைத்தாலும் தருகிறோம், ஆனால் அது எத்தனாலை விட்டதால் ஆகும் உண்மையான செலவாக இருக்கட்டும். மாநகரங்களிலிருந்து தொடங்குவதாக இருந்தால் அதையும் ஏற்கிறோம், எந்த ஊர் எப்போது என்ற கால அட்டவணையோடு.

அது வரும்வரை காத்திருக்காமல் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஒவ்வொரு குழாயிலும், ஒவ்வொரு பில்லிலும் எத்தனால் சதவீதத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிடச் சொல்லுங்கள். பணம் கொடுத்து வாங்குகிறவனுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். இதற்கு ஒரு ஸ்டிக்கர் செலவுதான் ஆகும்.

ஏற்கெனவே சோதித்த வண்டிகளின் பெயர், தயாரித்த ஆண்டு, எப்படிச் சோதித்தீர்கள் என்ற விவரம் எல்லாவற்றையும் முழுமையாக வெளியிடுங்கள். அதில் டூ-ஸ்ட்ரோக்கும், நீண்ட காலம் நிறுத்தி வைத்த வண்டியும் இல்லையென்றால் அவற்றையும் சோதியுங்கள். சோதனைக்கு வண்டி வேண்டுமா? நாங்கள் தருகிறோம். எங்கள் மெக்கானிக்குகளும் வருவார்கள். எந்த வாஷரை எந்தப் பொருளில் செய்ததாக மாற்ற வேண்டும், எந்த ஜெட் போட வேண்டும், நிறுத்தும் முன் டேங்கை என்ன செய்ய வேண்டும் என்று பழைய வண்டிகளுக்கான ஒரு கையேட்டை அந்தச் சோதனையின் அடிப்படையில் மாநில மொழிகளில் கொண்டுவாருங்கள்.

20 சதவீதத்தையும் தாண்டிப் போகப் பேச்சு நடக்கிறது. அந்த முடிவுக்கு முன்பாகப் பழைய வண்டிக்காரர்களையும் மெக்கானிக்குகளையும் அழைத்துக் கேளுங்கள். வாகனப் பதிவு விதிகளை எழுதிய துறையையும் அதே கூட்டத்தில் உட்கார வையுங்கள். சாதாரண ஆக்டேன் பெட்ரோலை எத்தனால் இல்லாமல் விற்கும் முதல் பங்க் தமிழ்நாட்டில் எந்த ஊரில், எந்தத் தேதியில் திறக்கும் என்பதை அடுத்த மழைக்காலத்துக்குள் எழுத்தில் தெரியப்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கோவையிலிருந்து,
பழைய மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் சார்பில், ஒரு ரோட்கிங் உரிமையாளர்